பதினோரு மணிக்கு மேல் ஒரு தட்டு சோளம்

ஒரு தட்டில் சோளம். பக்கத்தில் தேநீர்க் கோப்பை. மேஜையைச் சுற்றி ரெஸ்டாரண்ட் முதலாளியின் சிநேகிதர்கள். இரவு மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

இதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் லண்டனில் ஒரு மனிதர் இதற்காகக் கோர்ட் படியேறி அபராதம் கட்டியிருக்கிறார். கஞ்சா விற்றாரா? இல்லை. சூதாட்டம்? அதுவும் இல்லை. சட்டப்படி கடை மூடவேண்டிய நேரத்துக்குப் பிறகு, தன் கடையில் நண்பர்களைச் சோளம் தின்ன விட்டார், டீ குடிக்க விட்டார். அவ்வளவுதான்.

அவர் பெயர் ஃப்ராங்க் கிரிச்லோ. கடையின் பெயர் மாங்குரோவ். பிச்சாவரத்தில் படகில் போய்ப் பார்க்கிறோமே, அலையாத்தி மரங்கள், அதைத்தான் இங்கிலீஷில் மாங்குரோவ் என்பார்கள். கிரிச்லோ பிறந்த ட்ரினிடாட் தீவிலும் கடலோரச் சதுப்பில் இந்த மரம் ஏராளம். ஊர் ஞாபகம் போலிருக்கிறது. 1968 மார்ச்சில், லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில், ஆல் செயின்ட்ஸ் ரோடு 8-ம் எண் கட்டடத்தில் போர்டு மாட்டினார்.

நாட்டிங் ஹில் என்றதும் உங்களில் பலருக்கு ஜூலியா ராபர்ட்ஸ் ஞாபகம் வரும். 1999-ல் வந்த படம். அழகான தெரு, அழகான புத்தகக் கடை, அழகான காதல். அந்தப் படத்தில் கறுப்பு முகங்களைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேடவேண்டும் என்று அப்போதே பலர் கோபப்பட்டார்கள். ஏன் கோபம் என்பது, மாங்குரோவ் கதை தெரிந்தால் புரியும்.

கொஞ்சம் பின்னால் போவோம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு பிரிட்டனுக்கு ஆள் பஞ்சம். ரயில் ஓட்ட ஆள் இல்லை, பஸ்ஸில் டிக்கெட் கிழிக்க ஆள் இல்லை, ஆஸ்பத்திரியில் நர்ஸ் இல்லை. காலனிகளில் இருப்பவர்களும் பிரிட்டிஷ் பிரஜைகள்தான், தாராளமாக வரலாம் என்று 1948-ல் ஒரு சட்டம். அந்த வருடம் ஜூன் 22-ம் தேதி எம்பயர் விண்ட்ரஷ் என்ற கப்பல் டில்பரி துறைமுகத்தில் நூற்றுக்கணக்கான கரீபியர்களை இறக்கிவிட்டது. பின்னாலேயே கப்பல் கப்பலாக வந்தார்கள்.

வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது. வீடு? ம்ஹூம். கறுப்பருக்கு வாடகைக்கு இல்லை என்று வாசலிலேயே அட்டை தொங்கும். நாட்டிங் ஹில்லில் பீட்டர் ராக்மன் என்று ஒரு வீட்டுக்காரர் இருந்தார். அவர் கறுப்பர்களுக்கு வீடு கொடுப்பார். இடிந்து விழும் வீட்டின் ஓர் அறையை, யானை விலைக்குக் கொடுப்பார். வேறு வழியில்லாமல் அங்கே குடியேறினார்கள். இன்று கோடீஸ்வரர்கள் பேட்டையாக இருக்கும் நாட்டிங் ஹில், அன்றைக்கு லண்டனின் படுமட்டமான பேட்டைகளில் ஒன்று.

வீட்டைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. சாயங்காலம் வேலை விட்டு வந்தால் எங்கே போய் உட்கார்வது? ஒற்றை அறையில் எத்தனை நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது? வெள்ளைக்காரன் பப்புக்குப் போகிறான். கறுப்பன் போனால் பல இடங்களில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், சில இடங்களில் வெளியே போ என்பார்கள். அப்படிச் சொல்வது சட்ட விரோதமும் கிடையாது. 1965-ல் இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டம் வரும்வரை இதுதான் நிலைமை.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஓர் உபரித் தகவல். லியரி கான்ஸ்டன்டைன் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெஸ்ட் இண்டீஸின் ஆரம்பகால சூரர், இவரும் ட்ரினிடாட்காரர். 1943-ல் லார்ட்ஸில் ஆட வந்தவர், லண்டன் இம்பீரியல் ஹோட்டலில் முன்கூட்டியே பணம் கட்டி ரூம் போட்டிருந்தார். குடும்பத்தோடு போய் இறங்கினால், ஒரு ராத்திரிதான் தங்கலாம், கிளம்புங்கள் என்றார்கள். அப்போது லண்டனில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கறுப்பர் இருந்தால் பிடிக்காதாம். கான்ஸ்டன்டைன் கேஸ் போட்டார். 1944-ல் ஜெயித்தார். கிடைத்த நஷ்டஈடு? ஐந்தே ஐந்து கினி. அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே இந்த மரியாதை என்றால், பஸ் கண்டக்டர் எம்மாத்திரம்?

ஆக, கரீபியர்கள் தாங்களே இடம் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கிரிச்லோ உள்ளே வருவது இந்த இடத்தில்தான்.

1953-ல் லண்டன் வந்தவர். ரயில்வேயில் விளக்குகளைப் பராமரிக்கிற வேலை. வந்த ஊரில் இன்னும் ரேஷன் முழுதாக ஒழியவில்லை. இறைச்சிக்கு ரேஷன் போனதே 1954-ல்தான். விளக்குத் துடைத்த கையோடு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்டார்லைட் ஃபோர் என்று ஒரு பாட்டுக் குழு ஆரம்பித்தார். ரேடியோவிலும் டிவியிலும்கூடத் தலை காட்டினார்கள். அப்புறம் 1959-ல், வெஸ்ட்போர்ன் பார்க் ரோட்டில் எல் ரியோ என்ற பெயரில் ஒரு காபி பார்.

1959 என்ற வருடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அதற்கு முந்தைய வருடம், 1958 ஆகஸ்ட் கடைசியில், இதே பேட்டையில் வெள்ளைக்கார இளவட்டங்கள் கும்பல் கும்பலாகக் கிளம்பி கறுப்பர்களைத் தெருத்தெருவாக விரட்டி அடித்தார்கள். ஒரு வாரம் கலவரம். 1959 மே மாதம் கெல்சோ காக்ரேன் என்ற ஆன்டிகுவா தீவுக்காரரை நடுராத்திரியில் தெருவில் குத்திக் கொன்றார்கள். கொலைக்காகக் கடைசிவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அப்படி ஒரு சமயத்தில், ராத்திரி விளக்கெரியும் ஒரு கடை, உள்ளே தெரிந்த முகங்கள், தெரிந்த பாஷை என்றால் அதன் மதிப்பு என்னவென்று யோசித்துப் பாருங்கள். காபி எப்படி இருந்தால் யாருக்கென்ன?

எல் ரியோவுக்கு வெள்ளைக்காரர்களும் வந்தார்கள். அதில் இரண்டு பேர் கிறிஸ்டின் கீலரும் ஸ்டீஃபன் வார்டும். 1963-ல் பிரிட்டிஷ் யுத்த மந்திரி புரொஃப்யூமோவை வீட்டுக்கு அனுப்பிய செக்ஸ் விவகாரத்தின் முக்கியப் பாத்திரங்கள். விவகாரம் வெடித்ததும் பத்திரிகைகள் எல் ரியோ பக்கமும் திரும்பின. போலீசும் திரும்பியது. அன்றிலிருந்து கிரிச்லோவுக்கு சனி உச்சத்தில்.

போதும் இந்த வம்பு என்று நினைத்தாரோ என்னவோ, அடுத்த கடையை வேறு தினுசாகத் திறந்தார். காபி பார் இல்லை. மேஜை நாற்காலி போட்ட, கௌரவமான ரெஸ்டாரண்ட். அதுதான் மாங்குரோவ்.

சாப்பாடு என்ன? கரீபியச் சமையல். ஆட்டுக்கறிக் குழம்பு, ரொட்டி, சோறு, காரமான மிளகாய் சாஸ். நம் வீட்டு மெனு மாதிரி இருக்கிறதே என்று தோன்றுகிறதா? தோன்றவேண்டும். 1845 மே 30-ம் தேதி ஃபத்தேல் ரசாக் என்ற கப்பல், கரும்புத் தோட்ட வேலைக்காக இருநூற்றுச் சொச்சம் இந்தியக் கூலிகளை ட்ரினிடாடில் கொண்டுபோய் இறக்கியது. 1917 வரை இந்த ஆள் ஏற்றுமதி நடந்தது. லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பெரும்பாலோர் பீகார், உத்தரப்பிரதேசப் பக்கம், கல்கத்தா வழியாக. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறிய நம்மாட்களும் அதில் உண்டு. போனவர்கள் மூட்டையில் மசாலாவும் போயிற்று. ட்ரினிடாடில் சீரகத்துக்கு இன்றும் கீரா என்றுதான் பேர். கொண்டைக்கடலை அங்கே சன்னா. பருப்பு அடைத்த ரொட்டிக்கு தால்பூரி. ஆப்பிரிக்க அடிமைகளின் பேரப்பிள்ளைகள் அதைத் தங்கள் சொந்தச் சாப்பாடாகவே சாப்பிட்டு வளர்ந்தார்கள். கலலூ என்று ஒரு பதார்த்தம், நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. சேப்பங்கிழங்கின் இலையையும் வெண்டைக்காயையும் தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்து, வசதியிருந்தால் நண்டும் போடுவார்கள். அதன் வேர் ஆப்பிரிக்காவில்.

இந்தச் சாப்பாட்டுக்கு லண்டனில் ஒரு கூட்டம் சேர்ந்தது பாருங்கள், அது சாதாரணக் கூட்டம் இல்லை. பாப் மார்லி வந்தார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வந்தார். நினா சிமோன், சாமி டேவிஸ் ஜூனியர், டயானா ராஸ், நடிகை வனெசா ரெட்கிரேவ் என்று பட்டியல் நீளும். கிரிக்கெட்டையும் அரசியலையும் சேர்த்து, பியாண்ட் எ பவுண்டரி என்ற அபாரமான புத்தகத்தை 1963-ல் எழுதிய சி.எல்.ஆர். ஜேம்ஸ் வந்து உட்கார்வார். அந்தப் பக்கத்து மேஜையில் ஷிஃப்ட் முடிந்த ரயில்வே தொழிலாளி. வீட்டுக்காரன் துரத்திவிட்டான், என்ன செய்யலாம் என்று கேட்க வந்தவன். போலீஸ் பிடித்துக்கொண்டு போன தம்பிக்கு வக்கீல் தேடி வந்த அண்ணன். சாப்பாட்டுக் கடையாகவும் சங்கக் கட்டடமாகவும் மாங்குரோவ் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய தெருத் திருவிழா என்று சொல்லப்படும் நாட்டிங் ஹில் கார்னிவலுக்கு இங்கிருந்து ஊர்வலக் குழுவே கிளம்பியது. ஸ்டீல் டிரம் வாத்தியக் குழு தனி.

தவிரவும் கடை ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும். இரவுக் கஃபே நடத்த லைசென்ஸ் வைத்திருந்தார். பி.காம். படித்தவன் புத்தி எங்கே போகும்? எனக்கு இந்த லைசென்ஸ்தான் கதையின் முக்கியமான பாத்திரமாகத் தெரிகிறது. பாட்டுக் கச்சேரி முடிந்து கலைஞர்கள் சாப்பிட வருவது நடுராத்திரிக்கு மேல்தான். இரவு ஷிஃப்ட் பார்க்கிறவனுக்கும் அப்போதுதான் பசிக்கும். ஓர் இரவுக் கடையின் வியாபாரத்தில் உயிர்நாடி அந்த நேரம்.

அதில்தான் கை வைத்தார்கள். 1969-ல் உள்ளூர் கவுன்சில் அந்த இரவு லைசென்ஸைப் பிடுங்கியது. இனிமேல் பதினோரு மணிக்கு மேல் யாராவது தட்டில் கை வைத்தால் குற்றம். சோளம் குற்றமானது அப்படித்தான்.

இன்னொரு பக்கம் போலீஸ். 1969 ஜனவரிக்கும் 1970 ஜூலைக்கும் நடுவே மாங்குரோவில் பன்னிரண்டு முறை ரெய்டு நடந்திருக்கிறது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை. போதைப்பொருள் தேடுகிறோம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். பன்னிரண்டு முறையும் கிடைத்த போதைப்பொருள்?

பூஜ்ஜியம்.

கிரிச்லோ போதைப்பொருளைக் கடைக்குள் விடவே மாட்டார் என்பது பேட்டை முழுக்கத் தெரிந்த சங்கதி. அப்புறம் ஏன் பன்னிரண்டு முறை?

நீங்கள் குடும்பத்தோடு ஒரு ஹோட்டலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முதல் கவளம் எடுத்து வாயில் வைக்கும் நேரம் திபுதிபுவென்று போலீஸ் நுழைகிறது. எல்லாரும் எழுந்து நில், பையைக் காட்டு என்கிறது. ஒன்றும் கிடைக்காமல் போய்விடுகிறது. சரி, அடுத்த வாரம் அந்த ஹோட்டலுக்குப் போவீர்களா? ருசி எப்படி இருந்தாலும் போகமாட்டீர்கள். ரெய்டில் ஏதாவது கிடைக்கவேண்டும் என்று அவசியமே இல்லை. ரெய்டு நடந்தால் போதும். கல்லா தானாகக் காலியாகிவிடும். வசதியான வாடிக்கையாளர்கள்தான் முதலில் நிற்பார்கள், ஏனென்றால் அவர்களுக்குப் போக வேறு இடம் இருக்கிறது. மாங்குரோவிலும் அதுதான் நடந்தது.

கிரிச்லோ அடிப்படையில் போராட்டக்காரர் இல்லை. கடைக்காரர். கடைக்காரர் செய்வதைத்தான் முதலில் அவரும் செய்தார். மனு எழுதினார். 1969 டிசம்பரில் இன உறவு வாரியத்துக்குப் புகார் அனுப்பினார். இதில் ஒரு வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லக்கூடாது, அந்த வாரியத்துக்கு 1966-ல் நியமிக்கப்பட்ட முதல் உறுப்பினர்களில் ஒருவர் நாம் மேலே பார்த்த அதே கான்ஸ்டன்டைன். ஆனாலும் பிரயோசனம் இல்லை. பாகுபாடு காட்டக்கூடாது என்று ஹோட்டல்காரனுக்கும் பப் முதலாளிக்கும் சொன்ன சட்டம், ரோந்து போகும் போலீசுக்கு அதைச் சொல்லவில்லை. அந்த ஓட்டையை அடைத்து, போலீஸ் வேலையையும் சட்டத்துக்குள் கொண்டுவர 2000-ம் வருடம் ஆயிற்று.

மனு போட்டு மனு போட்டு அலுத்துப்போன சமயம், கடையில் வேலைக்கு வந்து சேர்ந்தார் ஓர் இளைஞர். டார்கஸ் ஹவ். ட்ரினிடாட்காரர், சி.எல்.ஆர். ஜேம்ஸுக்கு உறவு. பாரிஸ்டர் ஆகப்போகிறேன் என்று 1961-ல் லண்டன் வந்து, பாதியில் விட்டுவிட்டுப் பத்திரிகைக்காரர் ஆனவர். அவர் சொன்னது சுருக்கமாக இதுதான். புகார் எழுதியது போதும், தெருவில் இறங்குவோம்.

1970 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. மாங்குரோவ் வாசலில் சுமார் 150 பேர் கூடினார்கள். அல்தியா ஜோன்ஸ் லெகாயின்ட் என்ற பெண் பேசினார். இவரும் ட்ரினிடாட். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் உயிர்வேதியியல் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர், பிரிட்டிஷ் பிளாக் பாந்தர் அமைப்பின் தலைவி. பேச்சு முடிந்து, பேட்டையைச் சுற்றியிருந்த மூன்று போலீஸ் ஸ்டேஷன்களைத் தொட்டு வருவதாக ஊர்வலம் புறப்பட்டது. ஊர்வலத்தில் போனவர்களைவிடக் கூடப்போன போலீஸ் பல மடங்கு. போர்ட்னால் ரோட்டில் கைகலப்பு ஆரம்பித்தது. யார் முதலில் கை வைத்தது என்பதில் இரண்டு தரப்புக்கும் இரண்டு கதை. அடிதடி, கைது, ரத்தம்.

கடைசியில் ஒன்பது பேர்மேல் கலவரம் தூண்டியதாக வழக்கு. கிரிச்லோ, ஹவ், அல்தியா, பார்பரா பீஸ், ரூபர்ட் பாய்ஸ், ரோடன் கார்டன், ஆன்டனி இன்னிஸ், ராத்வெல் கென்டிஷ், காட்ஃப்ரி மில்லட். மாங்குரோவ் ஒன்பதின்மர் என்று சரித்திரத்தில் இவர்களுக்குப் பெயர்.

முதலில் விசாரித்த மாஜிஸ்ட்ரேட், இதில் கலவரத் தூண்டுதல் எங்கே இருக்கிறது என்று அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அரசுத் தரப்பு மறுபடி அதே குற்றச்சாட்டைத் தூசி தட்டி எடுத்து, அத்தனை பேரையும் மறுபடி பிடித்து, வழக்கை ஓல்ட் பெய்லி கோர்ட்டுக்குக் கொண்டுபோனது. கொலைகாரர்களையும் தேசத் துரோகிகளையும் விசாரித்த கோர்ட். கறுப்பர் இயக்கங்களை வேவு பார்ப்பதற்கென்றே ஸ்பெஷல் பிராஞ்சில் தனிப் பிரிவு இருந்த காலம் அது. ஒரு சாப்பாட்டுக் கடை விவகாரம் உள்துறை அமைச்சகக் கோப்புகள்வரை போய்விட்டது.

1971 அக்டோபர் 5-ம் தேதி விசாரணை ஆரம்பம். நீதிபதி எட்வர்ட் கிளார்க்.

முதல் நாளே தூக்கிப் போட்டார்கள் ஒரு குண்டை. எங்களை விசாரிக்கும் ஜூரிகள் அத்தனை பேரும் கறுப்பர்களாக இருக்கவேண்டும். எந்த ஆதாரத்தில்? 1215-ம் வருட மாக்னா கார்ட்டா சாசனம். தனக்குச் சமமானவர்களால் விசாரிக்கப்படும் உரிமை அதில் இருக்கிறதே, ஒரு பிரபுவை விசாரிக்க பிரபுக்கள் வேண்டுமென்றால் எங்களை விசாரிக்க எங்களைப் போல் வாழ்ந்தவர்கள் வேண்டாமா? பார்பராவின் வக்கீல் இயன் மக்டொனால்ட் இதை நாள்கணக்கில் வாதாடினார். நீதிபதி ஒப்புக்கொள்ளவில்லை.

சரி என்று விட்டார்களா? அடுத்த ஆயுதத்தை எடுத்தார்கள். அன்றைய சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவரும் காரணமே சொல்லாமல் ஏழு ஜூரிகளை வேண்டாம் என்று தள்ளலாம். ஒன்பது பேர், ஆளுக்கு ஏழு. ஒன்பதேழு அறுபத்து மூன்று. சரியாக 63 ஜூரிகளை வரிசையாகத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் உட்கார்ந்த பன்னிரண்டு பேரில் இரண்டு கறுப்பர்கள். மீதியிலும் பாட்டாளிகள் சிலர் தேறினார்கள். இந்த ஏழு என்ற எண்ணிக்கையை 1977-ல் மூன்றாகக் குறைத்தார்கள், 1988-ல் அந்த உரிமையையே எடுத்துவிட்டார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஹவ்வும் அல்தியாவும் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தங்கள் வழக்கைத் தாங்களே நடத்தினார்கள். அல்தியா அப்போது கர்ப்பிணி வேறு. சாட்சிக் கூண்டில் வரிசையாகப் போலீஸ்காரர்கள் ஏறினார்கள். ஃப்ராங்க் புல்லி என்ற கான்ஸ்டபிள், மாங்குரோவ் என்பது ரவுடிகளும் விபசாரத் தரகர்களும் கூடும் இடம் என்றார். கண்காணிப்பு வேனுக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தோம் என்றார்கள் வேறு சிலர். ஹவ் விடவில்லை. வேனில் வெளியே பார்க்க இருந்தது எவ்வளவு பெரிய திறப்பு? ஒரு சின்னப் பிளவு. இத்தனை பேரும் ஒரே நேரத்தில் அதன் வழியாக எப்படிப் பார்த்தீர்கள்? பதில் சொல்லத் திணறினார்கள். இதற்கு நடுவே, கூண்டில் நிற்கும் சாட்சிக்கு சைகை காட்டிக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரரைக் கோர்ட்டை விட்டே வெளியேறச் சொல்லவேண்டியதாயிற்று. பரீட்சை ஹாலில் பிட் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை.

55 நாள் நடந்தது. 1971 டிசம்பர் மத்தியில் தீர்ப்பு. கலவரம் தூண்டியதாகச் சொன்ன குற்றச்சாட்டிலிருந்து ஒன்பது பேருக்கும் விடுதலை. கிரிச்லோ, ஹவ் உள்பட ஐந்து பேர் எல்லாவற்றிலிருந்தும் விடுதலை. மீதி நான்கு பேருக்குச் சின்னச் சின்னக் குற்றங்களுக்காக, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. உள்ளே போகவேண்டியதில்லை.

தீர்ப்பைவிடப் பெரிய அதிர்ச்சி கடைசியில் வந்தது. இந்த வழக்கில் இரண்டு பக்கமும் இன வெறுப்பு இருந்ததற்கு ஆதாரம் தெரிகிறது என்று நீதிபதி கிளார்க் சொன்னார். இரண்டு பக்கமும் என்றால், லண்டன் மாநகர போலீஸ் பக்கமும்! பிரிட்டனில் ஒரு நீதிபதி அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள் என்று போலீஸ் மேலிடம் கடிதமெல்லாம் எழுதிப் பார்த்தது. நடக்கவில்லை.

கொண்டாட்டம் முடிந்து கிரிச்லோ கடைக்குத் திரும்பினார்.

சினிமாவாக இருந்தால் இங்கே வணக்கம் போட்டுவிடலாம். ஸ்டீவ் மக்வீன் 2020-ல் எடுத்த மாங்குரோவ் படத்தின் கதையும் இந்தத் தீர்ப்பில்தான் முடிகிறது. நல்ல படம், பாருங்கள். ஆனால் ஒரு கடைக்காரரின் கணக்கு நோட்டு தீர்ப்பு நாளோடு மூடுவதில்லை. இரண்டு வருட ரெய்டில் ஓடிப்போன வாடிக்கையாளர்களை எந்த ஜூரியால் திரும்பக் கூட்டிவர முடியும்? கோர்ட்டில் நின்ற 55 நாள் அடுப்படியை யார் பார்த்துக்கொண்டார்கள்? விடுதலை என்ற காகிதத்தில் அதற்கெல்லாம் ஈடு எழுதப்படவில்லை.

அப்புறமும் கிரிச்லோ கடையை நடத்தினார். மாங்குரோவ் கம்யூனிட்டி அசோசியேஷன் என்று ஆரம்பித்து, வீடில்லாதவர்கள், சிறையிலிருந்து வந்தவர்கள், வயதானவர்கள் என்று பலருக்கும் உதவினார். 70-களின் கடைசியில் மறுபடி போதைப்பொருள் வழக்கு. 1979-ல் விடுதலை. 1988 மே மாதம் மறுபடி பெரிய ரெய்டு. இந்தமுறை ஹெராயின் கிடைத்தது என்றார்கள். போதைப்பொருளுக்கு எதிராக வாழ்நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த மனிதர்மேல், ஹெராயின். ஐந்து வாரம் ஜெயிலில் இருந்தார். ஜாமீன் கொடுத்தார்கள். என்ன நிபந்தனை தெரியுமா? மாங்குரோவ் பக்கமே வரக்கூடாது. ஏறத்தாழ ஒரு வருடம், ஒரு ரெஸ்டாரண்ட் முதலாளிக்குத் தன் ரெஸ்டாரண்ட் இருக்கும் தெருவில் கால் வைக்கத் தடை.

1989-ல் அந்த வழக்கிலும் ஜூரி விடுதலை செய்தது. கிரிச்லோ பதிலுக்கு போலீஸ்மேல் கேஸ் போட்டார். பொய்யாக அடைத்துவைத்தது, தாக்கியது, கெட்ட எண்ணத்தோடு வழக்குப் போட்டது. 1992-ல் லண்டன் போலீஸ் 50,000 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. கான்ஸ்டன்டைனின் ஐந்து கினியோடு ஒப்பிட்டால் பெரிய தொகைதான்.

முதலாளி இல்லாத கடை எத்தனை நாள் ஓடும்? நடுவில் பேட்டையின் முகமும் மாறிக்கொண்டிருந்தது. ராக்மன் காலத்துப் பாழடைந்த வீடுகளைப் பணக்காரர்கள் வாங்கிப் புதுப்பித்தார்கள். பழைய குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். 90-களின் தொடக்கத்தில் மாங்குரோவ் மூடப்பட்டது. ஜூலியா ராபர்ட்ஸ் வந்து இறங்குவதற்குச் சில வருடங்கள் முன்பு.

ஃப்ராங்க் கிரிச்லோ 2010 செப்டம்பரில், 78 வயதில் இறந்தார். அடுத்த வருடம் டிசம்பரில், ஆல் செயின்ட்ஸ் ரோடு 8-ம் எண் சுவரில் அவர் பெயருக்கு நீலப் பலகை பதித்தார்கள். பிரிட்டனில் ஷேக்ஸ்பியர் ரக மனிதர்களின் வீட்டுச் சுவரில் பார்க்கக்கூடிய வட்டப் பலகை, ஒரு சாப்பாட்டுக் கடைக்காரருக்கு. 2012-ல் அதே இடத்தில், பக்கத்துக் கட்டடத்தையும் சேர்த்துக்கொண்டு, ஒரு கரீபிய ரெஸ்டாரண்டும் பாரும் திறந்தார்கள். ரம் கிச்சன் என்று பெயர். வாலிபக் கூட்டம், சத்தமான பாட்டு, ரம் காக்டெயில், கரீபியச் சாப்பாடு. வாசலில் நுழைந்தவர்கள் அண்ணாந்து பார்த்தால் பலகை தெரிந்தது.